பொதுமக்களில் ஒருத்தி

உடுப்பிட்டி
9 மார்ச் 2025

மிரியத்துக்கு,

உமது கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முத்திரையைச் சாய்த்து ஒட்டியிருக்கிறீர். தொலைபேசியில் உம்மோடு கதைப்பதில்லை என்று நான் சொன்னதை மறவாமல் எழுத்தில் தொடர்புகொண்டது சரி.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வந்த முதற் கடிதம் இது. ஒரு காரியம் ஆகவேண்டியிருந்ததால் வந்திருக்கிறது. நீர் செய்தி வாசிக்கிற தேசிய வானொலி மக்களின் பணத்தை எப்படிச் செலவழிக்கிறது, அதை யார் எப்படி நடத்தவேண்டும் என்று ஆராய ஒரு குழுவை நியமித்திருக்கிறார்களாம். அந்தக் குழு அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்து பொதுமக்களிடம் கருத்துக் கேட்குமாம். குடாநாட்டில் ஒரு கலையகம் திறக்கும் யோசனையும் அவர்கள் முன் இருக்கிறதாம். திறந்தால் உமக்கு இங்கே இடமாற்றம் கிடைக்கும். ஆகவே நான் போய், கலையகம் கட்டாயம் வேண்டும் என்று சொல்லவேண்டும். இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதிய நீர், என் முழங்கால் எப்படி என்று கேட்க இன்னொரு தாள் எடுத்திருக்கலாம்.

என் பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும், அதற்கு ஒரு கட்டடம் கட்டுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? கன்னியர் மடத்தில் எங்களைப் படிப்பித்த மதர், வகுப்புச் சோக்குத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைச் சபையின் முன்னால் நிறுத்தினா. நானும் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தேன். உமக்கு அது தெரியும்.

இன்னுமொன்றும் தெரியும். உமது அப்பா இறந்த அன்று நான் வானொலிக்கு எழுதி அனுப்பிய மரண அறிவித்தலில், "மிரியத்தின் அன்புத் தந்தையும்" என்று மட்டுமே இருந்தது. கேட்டு வாங்கி அதை வாசித்தவர் நீர். வாசிக்கும்போது "ஜெயரூபனின் அன்பு மாமனாரும்" என்று ஒரு வரியை உம்பாட்டுக்குச் சேர்த்தீர். அப்பாவைக் கிடத்தியிருந்த விறாந்தையில், பக்கத்து வீட்டு வானொலியில், ஊர் முழுவதோடும் சேர்ந்து நானும் அதைக் கேட்டேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. முன்பே ஒருத்தியைக் கட்டி விலக்கின மனிதரை நீர் கலியாணம் செய்தது உம்முடைய விருப்பம். ஆனால் அந்த ஒலிவாங்கி உம்முடையது அல்ல. அது நாட்டினுடையது. அன்றைக்குச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன்.

செவ்வாய், புதன் காலைச் செய்தியில் உமது குரல் கட்டியிருந்தது. கொத்தமல்லி அவித்துக் குடியும். செய்திக்காகத்தான் கேட்கிறேன், காதில் விழுந்ததால் எழுதுகிறேன்.

அம்மா


வெள்ளவத்தை
18 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை. கலையகம் தேவையா இல்லையா என்று கொழும்பில் இருப்பவர்கள் மட்டும் முடிவெடுக்காமல், அங்கே இருப்பவர்களும் வாயைத் திறக்கட்டும் என்றுதான் கேட்டேன். அதில் என் சொந்த ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். திருநெல்வேலியில் மாலை வேலை முடித்தால் இருட்ட முன் உடுப்பிட்டிக்கு வந்துவிடலாம். நீங்கள் கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே வீட்டில் இருந்து கோபியுங்கள்.

இன்னொரு விடயம் போன கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. கலையகம் வராவிட்டால் செலவைக் குறைப்பதற்காகத் தமிழ்ச் செய்தி வாசிக்கும் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. வேலை போகாது. பழைய ஒலிப்பதிவுகளைத் துடைத்து அடுக்கும் பகுதிக்கு அனுப்புவார்கள். பிறகு காலைச் செய்தியில் என் குரல் கட்டியிருக்கிறதா என்று நீங்கள் கவலைப்பட வேண்டியிராது.

அறிவித்தலைப் பற்றி மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவரைத் தூக்கி இருத்தியதும், சவரம் செய்துவிட்டதும், இரவில் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு இருந்ததும் ஜெயரூபன். வேலை முடிந்து எங்கள் வானொலி ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து நேரே அங்கே போவார். அப்பா அவரை 'மருமகன்' என்றுதான் கூப்பிட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், நீங்களும் வந்து பார்த்தீர்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து அந்தப் பெயர் இல்லாத தாளை என்னால் வாசிக்க முடியவில்லை. அதற்காக மேலிடம் கேட்ட விளக்கத்தைக் கொடுத்தேன், கண்டனத்தையும் வாங்கிக்கொண்டேன். வருந்துகிறேன் என்று மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களுக்கும் எழுதமாட்டேன்.

கொத்தமல்லி குடித்தேன். சுகம்.

அன்பு மகள்
மிரியம்


உடுப்பிட்டி
30 மார்ச் 2025

மிரியத்துக்கு,

பொதுமக்கள் கருத்து என்றால் என் கருத்து அல்ல. ஆகவே எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்த்தேன். கேட்காமல் பேசப் போனால் அது வீண் அலட்டல்.

முதலில் தம்பிராசா. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "தேசிய வானொலியைப் பற்றி உங்கடை அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டேன்.

"என்ன ரீச்சர், எலக்சன் கேக்கப்போறியளோ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"ரேடியோ மாட்டுக் கொட்டிலிலை பாடுது. பாட்டுப் போட்டாத்தான் சிவலை நிண்டு பால் விடும். திருநெல்வேலிக்கு அதையும் கூட்டிக்கொண்டு போங்கோ, கருத்துச் சொல்லும்."

கலையகம் ஒன்று திறக்கும் யோசனை இருக்கிறது என்றேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"திறப்பினம். நாடா வெட்டுவினம். பிறகு படலையடியிலை ஒரு காவல்காரன் குந்தியிருப்பான். அந்தக் காசிலை எங்கடை ஒழுங்கைக்குத் தார் போடச் சொல்லுங்கோ. மற்றது ரீச்சர், ஆளைக் குறைக்கினமாம் எண்டு பேப்பரிலை கிடந்தது. வாசிக்கிறவையைக் குறைச்சுப்போட்டுக் கதிரையிலை இருக்கிறவையை வைச்சிருந்தா அது வானொலியில்லை, வெறும் அரசாங்கக் கந்தோர்."

அடுத்தது, தையல் தைக்கும் தயாளினி. மெசினை நிறுத்தவே இல்லை. "எல்லாம் போனிலை வருது ரீச்சர். வானொலிக்கெண்டு வரி கிரி போடப்போறாங்களோ? அதை முதல் கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

கடைசியாக என்னோடு சமையலுக்கு நிற்கும் இராசமலர். "நான் மரண அறிவித்தல் மட்டும் கேப்பன் அம்மா. செத்தது ஆர் எண்டது பேப்பரிலையும் வரும். ஆரின்ரை பேரை விட்டவை, ஆரின்ரை பேரைச் சேத்தவை எண்டு கேக்கிறதிலைதான்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, விளக்குமாற்றோடு முற்றத்துக்குப் போய்விட்டாள். கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினாள்.

ஆக, இங்கே ஒருவருக்கும் கலையகம் தேவைப்படவில்லை. எனக்கு இது மகிழ்ச்சியான செய்தி என்று எண்ணவேண்டாம். உமது கடிதத்தின் இரண்டாம் பந்தியை எத்தனையோ தரம் வாசித்தேன். இருட்ட முன் வந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர். அன்று பின்னேரம் வாசல் படலை சத்தம் கேட்டபோது எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஆடு.

உமது அறை யன்னலுக்குப் புதுச் சீலை தைப்பித்தேன். பழையது கிழிந்ததுதான் காரணம்.

திருநெல்வேலிக்குப் போவேன். இவர்கள் சொன்னதைச் சொல்வேன்.

அம்மா


வெள்ளவத்தை
7 ஏப்ரல் 2025

அம்மா,

அப்படியானால் போகவேண்டாம். தயவுசெய்து போகவேண்டாம். எங்கள் வீட்டிலிருந்தே ஒரு ஆள் போய்க் கலையகம் வேண்டாம் என்று சொல்வதைவிட, வீட்டிலேயே இருங்கள். மாட்டின் கருத்தை வேறு யாராவது கொண்டுபோகட்டும்.

உங்கள் கடிதத்தை ஜெயரூபன் கேட்டார். முதலில் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன். தம்பிராசா அண்ணையின் மாட்டைப் படித்துச் சிரித்தார். "இந்த மனுசி ஒருநாள் கூடத் தனக்காக ஒண்டும் கேக்கமாட்டா போலை" என்றார். நீங்கள் என்னைக் கடிந்து எழுதிய கடிதத்தில் அவருக்குத் தெரிந்தது அதுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கலையகத்துக்குப் பெயர் கொடுத்தது நான் மட்டும். அவருடைய பகுதியில் இருந்து யாரையும் அனுப்பமாட்டார்கள். அவர் இங்கே தனிய இருப்பார். இரண்டு வருடம் என்று ஆரம்பிப்பார்கள், பிறகு நீளும். "நீர் போம், அவ மூண்டு வருசமாத் தனிய இருக்கிறா, நான் சமாளிப்பன்" என்று அவர்தான் விண்ணப்பத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் செய்தார். அவருக்கு முட்டை பொரிக்கவே சரியாகத் தெரியாது.

இதை உங்கள் மனதை மாற்ற எழுதவில்லை. யார் பெயரை நீங்கள் விட்டீர்களோ அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு தரமாவது எழுத்தில் இருக்கட்டும்.

மிரியம்


உடுப்பிட்டி
27 ஏப்ரல் 2025

மிரியத்துக்கு,

போகவேண்டாம் என்று எழுதியிருந்தீர். போனேன்.

நெல்லியடியில் பஸ் எடுத்து, யாழ்ப்பாணத்தில் மாறி, பலாலி வீதியில் இறங்கினேன். மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன, காற்று வரவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஒரு பையன் தேசிய வானொலியை விற்றுவிடவேண்டும் என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை, விற்றால் வாங்குகிறவன் தமிழில் செய்தி போடுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டாள். அவன் உட்கார்ந்தான். நன்றாகக் கேட்டாள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கலையகம் வேண்டும் என்று நீண்ட நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கையும் தட்டப் போனது. மடியில் வைத்துக்கொண்டேன்.

என்னை அழைத்தார்கள். முன்னால் ஒலிவாங்கி இருந்தது. பெயரும் தொழிலும் கேட்டார் குழுத் தலைவர்.

"தேவமலர் நதானியேல். இளைப்பாறின ஆசிரியை. என்ரை மகள் உங்கடை வானொலியிலை செய்தி வாசிக்கிறா. இங்கை கலையகம் வந்தா அவ எனக்குக் கிட்ட வருவா. ஆனபடியால் என்ரை கருத்தை நீங்கள் பதியக்கூடாது. எங்கடை ஒழுங்கைச் சனம் சொன்னதை மட்டும் பதியுங்கோ."

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "அம்மா, மகள் இருந்தாலும் நீங்களும் பொதுமக்களில் ஒருத்திதானே?" என்றார்.

"அதைப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தார் வீதி, வரி, கந்தோர், மாடு. மாட்டையும் எழுதுவதா என்று எழுதுவினைஞர் தலைவரைப் பார்த்தார். எழுதும் என்றேன்.

உட்காரப் போனபோது குழுவில் இருந்த ஒரு அம்மா கேட்டா: "நீங்கள் வானொலி கேட்பதுண்டா?"

"ஓம். ஒவ்வொருநாளும் காலமைச் செய்தி."

"பத்திரிகை இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. உங்கள் ஒழுங்கையில் வேறு யாரும் செய்திக்காக வானொலி போடுவதில்லை என்றீர்கள். நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா காத்திருந்தா. பின்னால் யாரோ கதிரையை இழுத்தார்கள். வகுப்பில் பதில் தெரியாமல் எழும்பி நின்ற பிள்ளைகளின் நினைவு எனக்கு வந்தது. கடைசியில் வணக்கம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

காலையில் நேரம் ஆகமுன்னரே வானொலியைப் போட்டுவிட்டு இருப்பேன். விளம்பரம் முடிந்து உன் பெயரை நீயே சொல்லுவாய். பிறகு யார் எந்த நாட்டுக்குப் போனார், எந்தச் சாமானுக்கு விலை ஏறியது என்று ஏதோ சொல்லுவாய். அதில் அரைவாசி என் காதில் ஏறுவதில்லை. நித்திரை கொண்டாயா, அழுதாயா, சாப்பிட்டாயா என்று குரலில் தேடிக்கொண்டிருப்பேன். நீ முடித்ததும் நிறுத்திவிடுவேன். அடுத்த நாள் காலை வரைக்கும் இந்த வீட்டில் வேறு சத்தம் எனக்குத் தேவைப்படுவதில்லை. இதை ஒரு மண்டபத்தில், எழுதுவினைஞருக்கு முன்னால், எப்படிச் சொல்வது? ஒரு கிழவிக்கு மகளின் குரல் வேண்டும் என்பதற்கு நாடு ஏன் செலவழிக்கவேண்டும்?

நீ வருவதை நான் விரும்பவில்லை என்று எண்ணாதே. ஆனால் அப்பா போன பிறகு ஒரு கோப்பையை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை வேறொரு வீட்டுக்கு நான் கேட்டு வாங்கிக் கொடுக்கமாட்டேன். உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு, ஒழுங்கைச் சனம் எல்லோரும் வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் எனக்குக் கால் எழும்பியிராது.

அம்மா


வெள்ளவத்தை
20 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. கலையகம் இல்லை. செலவு அதிகம், கேட்போர் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். உங்களால்தான் என்று எண்ணவேண்டாம். தபாலதிபரைப் போல இருபது பேர் பேசியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். செய்தி வாசிப்பவர்களையும் குறைத்துவிட்டார்கள். ஜூன் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை காலைச் செய்திதான் எனக்குக் கடைசி. திங்கட்கிழமை முதல் ஒலிப்பதிவுகள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் செய்தி வாசிக்கும்போது கஷ்டப்பட்டேன். நீங்கள் எதைத் தேடிக் கேட்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு விலைவாசியை வாசிப்பது லேசாக இல்லை.

இப்போது ஒரு விடயம் சொல்லவேண்டும். மாவட்டக் கூட்டங்களை எல்லாம் வெட்டி ஒட்டி ஒரு நிகழ்ச்சியாக்கச் சொல்லியிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பதிவு ஜெயரூபனின் மேசைக்கு வந்தது. அதில் உங்கள் குரல் வரும் என்று நான் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட அனுப்பினார். நான் போகவில்லை. அவர் தனிய இருந்து கேட்டார்.

ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பிறகு நீங்கள் பேசாமல் நின்ற இடம் அப்படியே பதிவாகியிருக்கிறது. அவருடைய தொழிலில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். சத்தம் இல்லாமல் விட்டால் கேட்பவர்கள் ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். மேலாளரும் வெட்டச் சொன்னார். ஜெயரூபன் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வெட்டாமல் கொடுத்துவிட்டார். "அவ சொன்ன பதில் அதுதானே, அதை எப்பிடி வெட்டுறது?" என்று இரவு சாப்பிடும்போது கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைச் செய்திக்குப் பிறகு போகும். கேளுங்கள்.

அன்பு மகள்
மிரியம்


உடுப்பிட்டி
26 மே 2025

அன்புள்ள மிரியத்துக்கு,

கேட்டேன். இராசமலரும் வீட்டுக்குப் போகாமல் நின்று கேட்டாள். மாடு வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்புக்கு நான் முறைக்கவேண்டியிருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. எனக்கு அது நீளமாக இருந்தது. விசிறிகளின் சத்தம் கேட்டது, கதிரை இழுபட்டது கேட்டது, நான் மூச்சு எடுத்து விட்டதும் கேட்டது. இராசமலர் வானொலியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிகழ்ச்சி முடிந்ததும், "இப்ப விளங்குது அம்மா" என்றாள். என்ன விளங்குது என்று கேட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலை தம்பிராசா வேலியடிக்கு வந்தார். "ரீச்சர், நேற்று நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை ரேடியோ நிண்டு போச்செண்டு ரெண்டு தட்டுத் தட்டினன். பிறகுதான் பார்த்தா நீங்கள் நிண்டு போனியள்" என்றார்.

இதிலிருந்தே தெரிகிறது. மருமகன் செய்தது பிழை. மேலாளர் வெட்டச் சொன்னால் வெட்டவேண்டும். மக்களின் பணத்தில் போகிற நேரத்தில் ஒரு கிழவி வாயடைத்து நின்றதை நாடு முழுவதற்கும் போட்டுக் காட்டுவது வீண் செலவு. அவர் வேலையில் நல்ல கெட்டிக்காரர் என்பது அந்தப் பதிவைக் கேட்டால் தெரிகிறது. கெட்டிக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்லவேண்டும். இது கடிதத்தில் எழுதி அனுப்புகிற விடயம் அல்ல. ஆளை முன்னால் இருத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். உன் மூலம் சொல்லியனுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஆகவே ஆறாம் திகதி உன் செய்தி முடிந்ததும் இரண்டு பேரும் லீவு எடுத்துக்கொண்டு அன்றிரவு ரயிலில் ஏறுங்கள். கொடிகாமத்தில் இறங்குங்கள், யாழ்ப்பாணம் வரை போகவேண்டாம். தம்பிராசாவின் ஓட்டோ வந்து நிற்கும். அவர் வழியெல்லாம் கதைப்பார், பொறுத்துக்கொள்ளச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் போகும்போது நீங்களும் வரலாம், வராமலும் விடலாம். ஆனால் வந்தால் என்னோடு முன்வரிசையில்தான் இருக்கவேண்டும். ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

கடைசிச் செய்தியைக் கேட்பேன். நிதானமாக வாசி. அன்றைக்கு என் பக்கம் யோசிக்காதே, விலைவாசியை யோசி.

அவர் மச்சம் சாப்பிடுவாரா, சைவமா? இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. இராசமலர் நண்டு வாங்குவதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். உடனே எழுது.

அம்மா